கம்பியில் நேர்ந்த பிழையை நிரலின் காதில் போடுவது

நான்கு சென்சார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு யூஎஸ்பி–சீரியல் மாற்றி, நான்கும் ஒரே லினக்ஸ் கணினியின் போர்ட்டுகளில். 115200 பாட் (நொடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் இரவு பகலாக அளவுகள் வந்துகொண்டே இருக்கும். நான் எழுதிய பைத்தான் நிரல் அவற்றை வாங்கி வரிவரியாகக் கோப்பில் சேர்க்கும். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய ஏற்பாடு இது. ஒருநாள் வரைபடம் போட உட்கார்ந்தபோதுதான் மூன்றாவது சென்சாரின் கோப்பில் ஆங்காங்கே ஓட்டை விழுந்திருப்பது கண்ணில் பட்டது. வரிசை எண் 40812-க்கு அடுத்து 40819 வருகிறது. வேறு சில இடங்களில் ஒரு வரியின் முன்பாதியும் இன்னொரு வரியின் பின்பாதியும் ஒட்டிக்கொண்டு, பார்வைக்குச் சரியான எண்போலவே நிற்கின்றன. என்னை உறுத்தியது இந்த இரண்டாவது வகைதான். ஓட்டை விழுந்தால் தேடினால் தெரியும். பொய் எண் ஒன்று மெய் எண்களின் வரிசையில் உட்கார்ந்துகொண்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

நிரலின் பதிவேட்டில் ஒரு பிழைகூட இல்லை. வாசிக்கும் அழைப்பு ஒவ்வொரு முறையும் வெற்றியோடுதான் திரும்பியிருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதிவைக்கும் செய்திகளை டிமெசேஜ் கட்டளை ஓட்டிப் பார்த்தால் அங்கும் அமைதி. சாதனம் துண்டிக்கப்படவில்லை, ரீசெட் ஆகவில்லை.

மாற்றியை இயக்கும் கர்னல் டிரைவரின் மூல நிரலைத் திறந்து படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. யூஎஸ்பி சீரியல் மாற்றிகள் பலவற்றுக்கும் பொதுவான வாசிப்புப் பகுதி ஒன்று கர்னலில் உண்டு. ஒரு யூஆர்பி, அதாவது ஒரு தரவுக் கோரிக்கை, பிழையோடு திரும்பி வந்தால், அந்தப் பகுதி பிழை எண்ணை டீபக் நிலையில், அதாவது கோளாறு தேடுவோருக்கான செய்தியாக, மட்டும் அச்சிட்டுவிட்டு, அடுத்த கோரிக்கையை அனுப்பிவிடுகிறது. டீபக் நிலை சாதாரணமாக அணைந்தே இருக்கும். டைனமிக் டீபக் வசதியில் யூஎஸ்பி சீரியல் மாட்யூலுக்கு அதை இயக்கிவிட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் பார்த்தால் டிமெசேஜில் வரிசையாக -71.

-71 என்றால் நெறிமுறைப் பிழை. கம்பியில் போன பொட்டலத்துக்கு உரிய நேரத்தில் பதில் வரவில்லை, அல்லது பிட்டுகள் சிதைந்து வந்தன. சிஆர்சி, அதாவது பொட்டலம் சிதைந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண், பொருந்தாமல் போனால் -84, பதிலே வராமல் போனால் -62 என்று தனித்தனி எண்கள் உண்டு. ஆனால் கணினிக்குள் யூஎஸ்பியை நடத்தும் வன்பொருளான கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் பழக்கம் மாறும். இன்றைய கணினிகளில் இருக்கும் எக்ஸ்எச்சிஐ வகையில் இவை எல்லாம் பெரும்பாலும் -71 என்ற ஒரே எண்ணாகத்தான் வந்து சேரும். கர்னலோடு வரும் பிழை எண் ஆவணமே, இந்த எண்கள் வந்தால் பெரும்பாலும் கோளாறு சாதனத்திலோ கேபிளிலோதான் என்று சொல்கிறது.

கேபிள்தான். யூஎஸ்பி 2-இல் கேபிள் நீளத்துக்கு நடைமுறை எல்லை 5 மீட்டர். நான் 5 மீட்டர் கேபிளோடு 3 மீட்டர் நீட்டிப்பு ஒன்றைச் சேர்த்திருந்தேன். நீட்டிப்பை எடுத்துவிட்டு சென்சாரைக் கணினிக்கு அருகே நகர்த்தினேன். -71 நின்றது. அரை மணி நேர வேலை.

ஆனால் மனம் ஆறவில்லை. பிழை நடந்த நொடியிலேயே கர்னலுக்கு அது தெரிந்திருக்கிறது. எந்தச் சாதனம், அதன் எந்த எண்ட்பாயிண்ட் (தரவு வாயில்), என்ன எண் என்பதுவரை கையில் இருந்திருக்கிறது. தெரிய வேண்டிய ஒரே ஆள் என் நிரல். அதற்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அடுத்த கேபிள் கெடும்போது இன்னும் ஒரு மாதத் தரவு சந்தேகத்துக்குள் போகும். அதனால் கேபிளை மாற்றிய பிறகுதான் உண்மையான வேலையைத் தொடங்கினேன்.

செய்தி எங்கே நின்றுபோகிறது

பொட்டலம் கெட்டால் முதலில் கன்ட்ரோலர் வன்பொருளே மறுபடி முயல்கிறது. ஒரு பரிமாற்றத்துக்கு வழக்கமாக மூன்று வாய்ப்பு. மூன்றும் தோற்றால்தான் கர்னலுக்குச் சேதி. அதற்கு மேலும் எக்ஸ்எச்சிஐ டிரைவர் தன் பங்குக்குச் சில முறை முயன்று பார்க்கும். ஆகவே நாம் பார்க்கும் ஒரு -71-க்குப் பின்னால் தொடர்ச்சியாகப் பல தோல்விகள் இருக்கின்றன. ஒரே ஒரு முறை கெட்டு இரண்டாம் முறை சரியாகப் போனவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இந்த மறுமுயற்சிகளும் டிரைவரின் மறுகோரிக்கையும் நடக்கும் நேரத்தில் சென்சார் சும்மா இருப்பதில்லை. 115200 பாட் முழுவேகத்தில் நொடிக்கு 11520 பைட். மாற்றிக்குள் 256 பைட் தாங்கி (பஃபர்) ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால் அது 22 மில்லி நொடியில் நிரம்பிவிடும். அதன்பின் வருவது வழிந்து போகும். வழிந்தது போக மீதி ஒட்டிக்கொண்டு வந்ததுதான் என் கோப்பில் இருந்த பொய் எண்கள்.

கர்னலில் கன்ட்ரோலர் டிரைவர் அந்த யூஆர்பியைச் சாதன டிரைவரிடம் திருப்பிக் கொடுக்கும்போது பிழை எண்ணும் கூடவே போகிறது. அங்கேதான் கதை முடிகிறது. சாதன டிரைவருக்கு மேலே டிடிஒய் அடுக்கு, சீரியல் போர்ட்டை நிரலுக்குக் கோப்புபோலக் காட்டும் கர்னல் பகுதி. அதற்குத் தெரிந்தது பைட்டுகளின் ஓட்டம் மட்டும். நடுவில் இங்கே ஏதோ விடுபட்டது என்று நிரலிடம் குறித்துச் சொல்ல அதற்கு வழி இல்லை. சீரியல் கம்பியில் நேரும் பாரிட்டிப் பிழைக்கும் ஃப்ரேமிங் பிழைக்கும் குறி உண்டு. யூஎஸ்பி கம்பிப் பிழைக்கு இல்லை.

சீரியலை விட்டு, யூஎஸ்பி சாதனத்தோடு பேச உதவும் லிப்யூஎஸ்பி நூலகம் வழியாக நேரடியாகப் பேசியிருந்தால் கொஞ்சம் மேல். பரிமாற்றம் தோற்றது என்றாவது தெரியும். ஆனால் -71, -84, -62 மூன்றும் அங்கே பொதுவான ஒரே தோல்விக் குறியாகிவிடும். கர்னல் அதற்குக் கொடுத்த நுணுக்கம் அந்த இடத்தில் உதிர்ந்துபோகிறது.

மற்ற வன்பொருள்களைப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் துலக்கமாகத் தெரியும். நெட்வொர்க் அட்டையின் சிஆர்சி பிழை எண்ணிக்கையை ஈத்டூல் கட்டளை காட்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனத்தின் திருத்தக்கூடிய பிழைகளுக்கு சிஸ்எஃப்எஸ்ஸில், அதாவது கர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் அடைவில், எண்ணி (கவுண்டர்) உண்டு. ஸ்கஸி அடுக்கில் வரும் வட்டுக்கும் பிழை எண்ணி ஒன்று உண்டு. யூஎஸ்பி சாதனத்தின் அடைவிலோ இதுவரை எத்தனை யூஆர்பி அனுப்பப்பட்டது என்ற எண் இருக்கிறது. அவற்றில் எத்தனை தோற்றன என்ற எண் இல்லை.

முதல் வழி: பதிவை வாசிப்பது

கர்னலைத் தொடாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று முதலில் பார்த்தேன். டெவ் அடைவில் இருக்கும் கேமெசேஜ் கோப்பைத் திறந்தால் கர்னல் பதிவுகள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொரு பதிவின் தலையிலும் முன்னுரிமை, வரிசை எண், மைக்ரோ நொடியில் நேரம். பலருக்கும் தெரியாத நல்ல விஷயம் அதற்குக் கீழே இருக்கிறது. சாதனத்தைச் சுட்டி டிரைவர் அச்சிட்ட பதிவாக இருந்தால், ஒரு இடைவெளியோடு தொடங்கும் கூடுதல் வரிகளில் எந்தத் துணை அமைப்பு, எந்தச் சாதனம் என்பது வரும். யூஎஸ்பி சாதனத்துக்கு முதன்மை எண் 189. துணை எண்ணை 128-ஆல் வகுத்தால் ஈவோடு ஒன்றைக் கூட்டினால் பஸ் எண், மீதியோடு ஒன்றைக் கூட்டினால் சாதன எண். 189:132 என்று வந்தால் பஸ் 2, சாதனம் 5. செய்தியின் வாசகத்தைப் பிய்த்துப் பார்க்காமலே எந்தச் சாதனம் என்று தெரிந்துவிடுகிறது.

இதை வைத்து ஐம்பது வரியில் ஒரு நிரல் எழுதினேன். சாதனத்தைச் செருகும்போது வரும் கோளாறுகளுக்கு இது நன்றாகவே வேலை செய்தது. சாதனத்தின் அறிமுகத் தகவலான டிஸ்கிரிப்டரை வாசிக்க முடியவில்லை, முகவரியை ஏற்கவில்லை, கேபிள் கெட்டிருக்கலாமோ என்று கர்னலே சந்தேகப்பட்டுக் கேட்கும் செய்தி, எல்லாம் உடனுக்குடன் கிடைத்தன.

ஆனால் என் கோளாறு அந்த வகை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் -71 டீபக் நிலையில் கிடக்கிறது. அதற்காக டைனமிக் டீபக்கை நிரந்தரமாக இயக்கி வைத்தால் மற்ற டீபக் செய்திகளும் சேர்ந்து கொட்டும். பதிவுத் தாங்கி வட்டமாகச் சுற்றுவது. நான் வாசிப்பதற்குள் பழையது அழிந்திருந்தால் வாசிக்கும் அழைப்பு பிழையோடு திரும்பும். பாதுகாப்புக்காக டிமெசேஜ் கட்டுப்பாட்டை இயக்கிய கணினிகளில் சாதாரணப் பயனருக்கு இந்தக் கோப்பு திறக்கவே திறக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தியின் வாசகம் யாருக்கும் கொடுத்த வாக்குறுதி அல்ல. அடுத்த கர்னல் பதிப்பில் ஒரு சொல் மாறினாலும் என் நிரல் செவிடாகிவிடும், செவிடானது எனக்குத் தெரியவும் தெரியாது. தரவு கெட்டதை எனக்குச் சொல்லாத ஏற்பாட்டுக்குப் பதிலாக, தான் கெட்டதை எனக்குச் சொல்லாத ஏற்பாடு. வேண்டாம் என்று ஒதுக்கினேன்.

யூஎஸ்பி போக்குவரத்தைக் காட்டும் யூஎஸ்பிமான் வழியாகவும் ஒரு நாள் போனேன். அதில் எல்லா யூஆர்பியும் போவதும் வருவதும் நிலை எண்ணோடு தெரியும். ஓடும் கர்னலின் செயற்கூறுகளைக் கவனிக்கும் பிபிஎஃப்டிரேஸ் இன்னும் கச்சிதம். கன்ட்ரோலர் டிரைவர் யூஆர்பியைத் திருப்பிக் கொடுக்கும் கர்னல் செயற்கூற்றின் மூன்றாவது உள்ளீடுதான் நிலை எண். அது சுழியாக இல்லாவிட்டால் அச்சிடு என்று ஒரே வரி எழுதினால் போதும், கணினியின் எல்லா யூஎஸ்பி பிழைகளும் கண்முன் வந்துவிடும். கோளாறு எங்கே என்று தேடும் நாளில் இதைவிட நல்ல கருவி கிடையாது, எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் இரண்டுக்கும் ரூட் (முழு நிர்வாகி) உரிமை வேண்டும். தினமும் ஓடும் அளவுப்பதிவு நிரலை ரூட்டாக ஓட்ட எனக்கு மனமில்லை.

ஏற்கெனவே இருந்த முன்மாதிரி

தேடிக்கொண்டிருக்கும்போது கிடைத்த ஒன்று என் யோசனையைத் திருப்பியது. ஒரு போர்ட்டில் மின்னோட்டம் அளவுமீறினால், போர்ட்டுகளைப் பிரித்துத் தரும் ஹப் அதைக் கர்னலிடம் சொல்லும். அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு போர்ட்டின் அடைவிலும் ஒரு சிஸ்எஃப்எஸ் கோப்பாகக் கர்னல் 2018 முதல் வைத்திருக்கிறது. பெயர் ஓவர்_கரண்ட்_கவுண்ட். போல் (poll) என்ற அழைப்பில் அது மாறுவதற்காகக் காத்திருக்கலாம். எண் மாறும்போது எந்தப் போர்ட், இப்போது எத்தனை என்று ஒரு யூஈவென்ட்டும் (கர்னல் அறிவிப்பு) வரும், அதைக் கேட்கும் யூடெவ் சேவையின் விதியில் பிடித்துக்கொள்ளலாம். சோதித்துப் பார்ப்பதற்காகப் போர்ட்டைக் குறுக்கிணைக்கத் துணியாததால், கோப்பு இருப்பதையும் அதில் 0 என்று இருப்பதையும் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

இதன் அமைப்பு எனக்கு மிகச் சரி என்று பட்டது. செய்தியை வரிசையில் தள்ளவில்லை, ஒரு எண்ணை ஏற்றி வைத்துவிட்டு, எண் மாறியது என்று மட்டும் தட்டி எழுப்புகிறது. நிரல் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாலும் பாதகமில்லை. பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தாலும் எண் அங்கேயே இருக்கும். நூறு பிழை ஒரே மூச்சில் வந்தால் நிரல் ஒரு முறை விழிக்கும், பழைய எண்ணைக் கழித்தால் நூறு என்று தெரிந்துவிடும். வரிசை நிரம்பி வழியும் பிரச்சினையே எழாது.

யூஎஸ்பி பிழைகளை நிகழ்வு வரிசையாகவே கொடுக்கும் முயற்சியும் நடந்ததுண்டு. டேவிட் ஹவல்ஸ் 2019-இல் முன்வைத்த பொது அறிவிப்பு வரிசைத் திட்டத்தில், சாதனம் ரீசெட் ஆனது, பிழை நேர்ந்தது போன்ற யூஎஸ்பி அறிவிப்புகளும் இருந்தன. 2020-இல் வந்த கர்னல் 5.8-இல் அந்த வரிசை பைப் வடிவில் சேர்ந்தது. ஆனால் கர்னல் காக்கும் ரகசியச் சாவிகள், சாவி வளையங்கள் பற்றிய அறிவிப்பு மட்டுமே அதோடு சேர்ந்தது, யூஎஸ்பி பகுதி சேரவில்லை. அதனால் எண்ணி வழியிலேயே கர்னலுக்கு ஒரு சிறு ஒட்டு (பேட்ச்) எழுதிப் பார்க்க முடிவு செய்தேன். என் கணினிக்கு மட்டும்.

எதை எண்ணுவது

எழுதுவதைவிட இதைத் தீர்மானிக்கத்தான் நேரம் பிடித்தது. யூஆர்பி சுழி அல்லாத எண்ணோடு திரும்பினாலே பிழை என்று எடுத்துக்கொண்டால், முதல் நாளே எண்ணி பயனற்றுப் போகும். -32 என்பது ஸ்டால். சாதனம் இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது என்று முறைப்படி சொல்லும் பதில் அது, கம்பி நன்றாக இருப்பதற்கே அது சாட்சி. -2, -104 இரண்டும் நாமே கோரிக்கையைத் திரும்பப் பெற்றதால் வருபவை. நிரல் டிடிஒய்யை மூடும்போதெல்லாம் வரும். -108 சாதனமோ கன்ட்ரோலரோ விடைபெறும்போது வருவது. இவை எதையும் எண்ணவில்லை.

-71, -84, -62 மூன்றையும் ஒரே கூட்டமாகச் சேர்த்தேன். கன்ட்ரோலர்களே பிரித்துச் சொல்லாதபோது நான் பிரித்துக் காட்டினால் அது இல்லாத துல்லியம். -75, அதாவது கேட்டதைவிட அதிகமாகச் சாதனம் கொட்டுவது, அதற்குத் தனி எண்ணி வைத்தேன். அது பெரும்பாலும் கம்பியைக் காட்டாது, சாதனத்தின் உள்நிரலைக் காட்டும்.

டிமெசேஜில் அடிக்கடி கண்ணில் படும் -110 எங்கே போனது என்று சற்று குழம்பினேன். அது யூஆர்பியின் நிலை எண்ணாக வருவதே இல்லை. காத்திருந்து சலித்த அழைப்பு யூஆர்பியைத் தானே கொல்கிறது, அப்போது யூஆர்பி -2 என்று திரும்புகிறது, அதைத்தான் அழைப்பு -110 என்று மாற்றிச் சொல்கிறது. என் எண்ணி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஒட்டும், இரண்டு தடுக்கல்களும்

வேலை செய்ய வேண்டிய இடம் ஒன்றுதான். எல்லா கன்ட்ரோலர் டிரைவர்களும் யூஆர்பியைத் திருப்பிக் கொடுக்கும் அந்தப் பொதுச் செயற்கூறு. யூஎஸ்பி சாதனத்தின் ஸ்ட்ரக்சரில் இரண்டு அட்டாமிக் எண்ணிகளைச் சேர்த்தேன். சாதன அடைவில் எவரும் வாசிக்கக்கூடிய இரண்டு கோப்புகள். பிழை எண் நம் கூட்டத்தில் இருந்தால் எண்ணியை ஏற்று, கோப்பு மாறியது என்று தெரிவி.

தெரிவிக்கும் வரியில்தான் முதல் தடுக்கல். சிஸ்எஃப்எஸ் நோட்டிஃபை என்ற வழக்கமான அழைப்பைப் போட்டிருந்தேன். தூங்கக்கூடாத இடத்தில் தூங்கும் செயற்கூறு அழைக்கப்பட்டது என்று கர்னல் உடனே எச்சரித்தது. யூஆர்பி திரும்புவது இன்டரப்ட் சூழலில், அதாவது காத்திருக்க அனுமதி இல்லாத இடத்தில். அந்த அழைப்போ கோப்பைப் பெயரால் தேடும்போது பூட்டுக்காகக் காத்திருக்கக் கூடியது. தீர்வு எளிது: சாதனம் பதிவாகும்போதே கோப்பின் டைரக்டரி உள்ளீட்டைத் தேடி எடுத்துச் சுட்டியாக (பாயிண்ட்டர்) வைத்துக்கொள்வது, பிழை நேரும்போது அந்தச் சுட்டியைக் கொண்டு தெரிவிக்கும் இன்னொரு அழைப்பைப் பயன்படுத்துவது. அது எந்தச் சூழலிலும் செல்லும். பொதுப்பயன் பின்களைக் கவனிக்கும் கர்னலின் ஜிபிஐஓ பகுதி தன் இன்டரப்ட் கையாளியில் இதைத்தான் செய்கிறது. இந்த எச்சரிக்கையைக் காட்டும் டீபக் அமைப்பை கர்னல் கட்டும்போதே இயக்கி வைத்திருந்தது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் எப்போதோ ஒருமுறை உறையும் கணினியோடு நாட்கணக்கில் போராடியிருப்பேன்.

இரண்டாவது தடுக்கலைப் பிறகு சொல்கிறேன். அது எண்ணியை இடம் மாற்றியபோது வந்தது.

நிரல் பக்கம் வேலை குறைவு, ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. சிஸ்எஃப்எஸ் கோப்பைத் திறந்தவுடன் போல் அழைத்தால் உடனே திரும்பிவிடும், திரும்பத் திரும்ப. முதலில் ஒருமுறை வாசிக்க வேண்டும். பிறகு சாதாரண வாசிப்புக்கு இல்லாமல் முன்னுரிமை நிகழ்வுக்குக் காத்திருக்க வேண்டும். விழித்ததும் கோப்பின் தொடக்கத்துக்குத் திரும்பி மீண்டும் வாசிக்க வேண்டும். இந்த வரிசையில் ஒன்று தவறினாலும் சிபியூ 100 சதவீதத்தில் சுழலும். டிடிஒய் பெயரிலிருந்து யூஎஸ்பி சாதன அடைவுக்குப் போக, சிஸ் கிளாஸ் டிடிஒய் அடைவில் உள்ள டிவைஸ் இணைப்பைப் பின்பற்றி, வெண்டார் எண் கோப்பு தென்படும்வரை மேலே ஏறினால் போதும்.

எண் ஏறியதும் நிரல் என்ன செய்கிறது? அந்த நொடிக்கு முன்னும் பின்னும் வந்த வரிகளைச் சந்தேகம் என்று தனி நெடுவரிசையில் குறிக்கிறது. அழிப்பதில்லை. வரைபடம் போடும்போது எடுப்பதா விடுவதா என்று நான் பார்த்துக்கொள்வேன்.

பழைய 3 மீட்டர் நீட்டிப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது. அதை மாட்டி, இணைப்பானுக்கு அருகே கேபிளை மெல்ல வளைத்தால் எண் ஏறும், விட்டால் நிற்கும். கையில் உணர்ந்த வளைவு அடுத்த கணமே கோப்பில் சந்தேகக் குறியாக விழுவதைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த நிறைவைச் சொல்லி முடியாது.

கழற்றுவதும் பிழையாகத் தெரிகிறது

சோதனை முடித்துக் கேபிளைப் பிடுங்கினேன். எண்ணி சட்டென்று ஏறியது. கம்பி கழன்ற கணத்துக்கும், சாதனம் போய்விட்டது என்று ஹப் டிரைவர் உணரும் கணத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அதற்குள் போகும் ஒவ்வொரு கோரிக்கையும் -71 என்றே திரும்பும். ஹை ஸ்பீடு ஹப்பைக் கர்னல் நிலை கேட்கும் இடைவெளி வழக்கமாக 256 மில்லி நொடி. ஆக, வேண்டுமென்றே கழற்றியதும் கேபிள் கெட்டதும் முதல் கால் நொடியில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

இதைக் கர்னலுக்குள் தீர்க்க முயலவில்லை. நிரல் விழித்ததும் ஒரு நொடி பொறுத்து, டிடிஒய் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லாவிட்டால் கழற்றப்பட்டது என்று எழுதுகிறது. இருந்தால் கம்பிப் பிழை. நடந்ததைச் சொல்வது கர்னலின் வேலை, அதற்குப் பொருள் காண்பது நிரலின் வேலை என்ற பிரிவு எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் இதே சோதனை என் அமைப்பின் பெரிய ஓட்டையையும் காட்டிவிட்டது. சாதனம் போனதும் அதன் அடைவும் போகிறது, எண்ணியும் அதோடு போகிறது. மோசமான கேபிளில் சாதனம் தானாகவே விழுந்து எழுவது சகஜம். எழும்போது புதிய எண்ணோடு, புதிய அடைவோடு, எண்ணி 0-வில் தொடங்கும். மிகக் கெட்ட கேபிள் மிக நல்ல எண்ணிக்கையைக் காட்டும். ஓவர்_கரண்ட்_கவுண்ட் ஏன் சாதனத்தின் அடைவில் இல்லாமல் போர்ட்டின் அடைவில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. மேல்மின்னோட்டம் போர்ட்டுக்கு நேர்வது. கம்பிப் பிழையும் அப்படித்தான், கேபிள் எந்தப் போர்ட்டில் மாட்டியிருக்கிறதோ அந்தப் போர்ட்டுக்கு நேர்வது.

எண்ணிகளைப் போர்ட் ஸ்ட்ரக்சருக்கு மாற்றினேன். இரண்டாவது தடுக்கல் இங்கே. யூஆர்பியின் சாதனத்திலிருந்து தாய் ஹப்புக்குப் போய், போர்ட் எண்ணால் போர்ட்டைப் பிடிக்கும் வரியைப் பிழை எண்ணைச் சோதிக்கும் முன்பே எழுதிவிட்டேன். பூட் ஆகும்போதே கர்னல் விழுந்தது. கன்ட்ரோலரோடு சேர்ந்தே இருக்கும் ரூட் ஹப்பின் யூஆர்பிகளும் இதே செயற்கூறு வழியாகத்தான் திரும்புகின்றன. ரூட் ஹப்புக்குத் தாய் இல்லை. சுட்டி சுழி. வரிகளின் வரிசையை மாற்றி, தாய் இருக்கிறதா என்ற சோதனையையும் சேர்த்ததும் சரியானது.

சாதன அடைவில் போர்ட் என்ற இணைப்பு ஏற்கெனவே இருப்பதால் நிரலில் ஒரு வரிதான் மாறியது. இப்போது சாதனம் எத்தனை முறை விழுந்து எழுந்தாலும் எண் தொடர்ந்து ஏறுகிறது. நீட்டிப்போடு ஒரு இரவு ஓட்டினேன்: மூன்றாவது போர்ட்டின் எண்ணி 212, மற்ற மூன்றும் 0. கோப்பில் ஓட்டை விழுந்த ஒவ்வொரு இடத்திலும் சந்தேகக் குறி இருந்தது. ஓட்டை இல்லாத சில இடங்களிலும் இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டில் ஒட்டுப்போட்ட பொய் எண் இருந்தது.